மினிபஸ்ஸில் வாய் திறக்காதவள்

எங்கள் பக்கம் ஓடும் சிவப்புக் கூரை மினிபஸ்ஸில் மணி கிடையாது. இறங்க வேண்டுமென்றால் வாயைத் திறந்து கத்த வேண்டும். "அண்ணே, அடுத்தது இறங்கணும்!" என்று ஒரு குரல் எழும். டிரைவர் திரும்பிப் பார்க்க மாட்டார், பதிலும் சொல்ல மாட்டார், ஒரு கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார். கேட்டுவிட்டது என்று அர்த்தம். பேச்சுவார்த்தை அத்தோடு முடிந்தது. ஹாங்காங்கில் பிறந்த குழந்தை அம்மா அப்பா சொல்லப் பழகின கையோடு இதையும் பழகிவிடும். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிற பெரியவர்கூடத் தன் இடம் நெருங்கினால் கண்ணைத் திறக்காமலே குரல் கொடுத்துவிடுவார். இதெல்லாம் ஒரு பெரிய வித்தையா என்று யாராவது கேட்டால், பெங் சுய்லானிடம் போய்க் கேளுங்கள் என்பேன்.

சுய்லான் இந்த ஊருக்கு வாழ வந்து எட்டு வருஷமாகிறது. தாய்போ பக்கத்துக் குடியிருப்பில்தான் வீடு. மினிபஸ் மார்க்கெட் வாசலைத் தாண்டித்தான் போகும், மார்க்கெட்டுக்கு எதிரே அவள் வீடு. இறங்கி ரோட்டைக் கடந்தால் லிஃப்ட். ஆனால் அவள் மார்க்கெட் வாசலில் இறங்க மாட்டாள். வேறு யாராவது கத்தினால் அவர்களோடு சேர்ந்து இறங்கிக்கொள்வாள். யாரும் கத்தவில்லையென்றால் பேசாமல் கடைசி நிறுத்தம் வரை போவாள். கடைசி நிறுத்தத்தில் யாரும் கத்த வேண்டியதில்லை, எல்லோரும் இறங்கித்தான் ஆக வேண்டும். பிறகு கைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே சரிவில் நடந்து வருவாள். வெயிலோ மழையோ, இதுதான் வழக்கம். அக்கம்பக்கத்தில் சிலர் அவள் உடம்பு இளைக்க நடக்கிறாள் என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஊமையா என்றால், சேச்சே! சீனாவின் ஹூனான் மலையில் பிறந்தவள். அந்தப் பக்கத்து மலைகளில் இந்தச் சரிவில் ஒரு வீடு, அந்தச் சரிவில் ஒரு வீடு, நடுவே படிப்படியாக வயல். அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட வேண்டுமானால் வாசலில் நின்று ஒரு குரல் விடுவாள். அது பள்ளத்தில் இறங்கி, எதிர்மலையில் ஏறி, அப்பாவைப் போய்ச் சேரும். வாத்து மேய்க்கிற தம்பியைத் திட்டினால் வாத்துகளும் சேர்ந்து திரும்பி வரும். அது அந்த மலைக்கே உரிய பேச்சு. மூன்று மலை தாண்டினால் ஹூனான்காரர்களுக்கே பாதி புரியாது.

சீனாவின் பொதுமொழியான மாண்டரின் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வந்தது. பிறகு டோங்குவான் நகரத்தில் பொம்மைத் தொழிற்சாலை வேலைக்குப் போனபோது அதுவே பிழைப்பு மொழியாயிற்று. நாலா திசையிலிருந்தும் வந்த பெண்கள் ஒரு ஹாலில் உட்கார்ந்து கரடிப் பொம்மைக்குக் கண் வைத்தார்கள். ஒருத்தி பேச்சு ஒருத்திக்குப் புரியாது, அதனால் எல்லோருக்கும் மாண்டரின். அந்தத் தொழிற்சாலைக்கு ஏ.சி. ரிப்பேர் பார்க்க ஹாங்காங்கிலிருந்து வந்தவன்தான் மோக் காம்ஷிங். அவனுடைய மாண்டரின் படுமோசம். 'சாப்பிட்டாயா' என்று கேட்டால் சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். ஹால் முழுக்கச் சிரித்தது. அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான், பிறகு இன்னும் மோசமாகப் பேசினான். தப்பாகப் பேசிவிட்டுச் சிரிக்கிற ஆண்பிள்ளையை அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதில் விழுந்தவள்தான்.

கல்யாணம் ஆயிற்று, லொக்யி பிறந்தாள். ஹாங்காங்கில் குடியேற அனுமதி வரும்வரை காத்துக் கிடந்து, குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகுதான் அம்மாவும் மகளும் இங்கே வந்து சேர்ந்தார்கள். வந்து சேர்ந்த இடத்தில் கடைக்காரர், வாட்ச்மேன், நர்ஸ், டிரைவர் எல்லோரும் பேசியது காண்டனீஸ்.

வந்த புதிதில் அவளுக்குத் தைரியத்துக்குக் குறைவில்லை. காம்ஷிங் சொல்லிக் கொடுத்த வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே மினிபஸ்ஸில் ஏறி, மார்க்கெட் வரும்போது கத்திவிட்டாள். முன்சீட்டில் இரண்டு பையன்கள் அந்த வரியை அவள் ராகத்திலேயே திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். பக்கத்திலிருந்த பெண்மணி அவளைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க" என்று தோழியிடம் சொன்னாள். மெதுவாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை, காதில் விழட்டும் என்றே சொன்னாள். டிரைவர் வண்டியை நிறுத்தினார். ஆனால் கையைத் தூக்கவில்லை. சுய்லான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி, மார்க்கெட் வாசலில் மீன்கடைப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். மற்றதையெல்லாம் ஒரு மாதிரி மறந்துவிட்டாள். அந்தக் கை எழாமல் போனதுதான் மனதில் தங்கிவிட்டது.

அன்றைக்கு மூடிய வாய்தான். சிரித்த அந்தப் பையன்கள் இப்போது எங்கேயாவது ஆபீஸில் குப்பை கொட்டிக்கொண்டிருப்பார்கள். நன்றாக இருக்கட்டும். ஆனால் ஒரு பெண்ணை எட்டு வருஷம் சரிவில் நடக்க வைத்தோம் என்று அவர்களுக்குத் தெரியப் போவதில்லை. அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நாளாக ஆகக் காண்டனீஸ் எல்லாம் புரிந்தது. டி.வி. சீரியலில் மாமியார் என்ன திட்டுகிறாள் என்பதுவரை புரிந்தது. வீட்டில் காம்ஷிங் காண்டனீஸில் கேட்பான், அவள் மாண்டரினில் பதில் சொல்வாள், லொக்யி இரண்டையும் கலந்து இருவரையும் மடக்குவாள். காம்ஷிங்கின் அம்மா போன் செய்தால் அவன் அவளுடைய ஹக்கா மொழிக்குத் தாவுவான். லொக்யிக்குப் பள்ளியில் இங்கிலீஷ் வேறு. இத்தனையும் அந்தச் சின்ன வீட்டுக்குள் ஒன்றையொன்று இடிக்காமல் நடமாடின. வாசலைத் தாண்டினால் மட்டும் சுய்லானுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். காய்கறி வாங்கும்போது விரலை நீட்டுவாள். ஓர் உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் துலக்கும் வேலை பார்த்தாள், அங்கே பேச வேண்டிய அவசியமில்லை.

மினிபஸ்ஸுக்கு லொக்யி இருந்தாள். நாலு வயதிலேயே அம்மா மடியில் உட்கார்ந்து, அம்மா தொடையைக் கிள்ளியதும் "அண்ணே, அடுத்தது இறங்கணும்!" என்று கீச்சுக்குரலில் கத்துவாள். பஸ்ஸே சிரிக்கும், டிரைவர் கையைத் தூக்குவார். பெண் வளர வளரக் கிள்ளத் தேவையில்லாமல் போயிற்று. அம்மாவோடு போனால் தான் கத்த வேண்டும் என்பது அவளுக்குப் பல் தேய்ப்பது போல ஆகிவிட்டது.

ஆனால் பத்து வயதானதும் வேறொன்றும் சேர்ந்துகொண்டது. பள்ளி கேட் நெருங்கும்போது அம்மா கையிலிருந்து தன் கையை உருவிக்கொள்வாள். "அம்மா, இங்க மெதுவாப் பேசு. என் ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க" என்பாள். சுய்லான் மெதுவாகக்கூடப் பேசாமல் தலையை ஆட்டிவிட்டுத் திரும்புவாள். வலிக்காமலா இருக்கும்? வலித்தது. யாரிடம் சொல்வாள்?

அப்படிப்பட்ட லொக்யியைத்தான் பள்ளிகளுக்கிடையே நடக்கும் கவிதை ஒப்புவித்தல் போட்டிக்கு மிஸ் ஃபுங் பிடித்தார். அதிலும் மாண்டரின் பிரிவுக்கு! "வீட்டுல பேசற பொண்ணு. உச்சரிப்பு அப்படியே வருது பாருங்க" என்றாராம். வீட்டுக்கு வந்து லொக்யி இதைச் சொன்னபோது காம்ஷிங் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"பாத்தியா? வெளியில பேசாதேன்னு சொன்ன பாஷையில உன்னை மேடை ஏத்துறாங்க!"

"அப்பா, போதும்."

"அம்மாகிட்ட டியூஷன் எடுத்துக்க. ஃபீஸ் நான் தர்றேன்."

சுய்லானுக்கு உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம். ஆற்றைப் பற்றிய சின்னக் கவிதை. அடுப்படியில் நின்றபடி மகளோடு சேர்ந்து சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது வரியிலேயே லொக்யி முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, நீ சொல்றது தப்பு. மிஸ் ஃபுங் அப்படிச் சொல்லல."

"எங்க டீச்சர் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க."

"உங்க டீச்சரும் ஹூனானா?"

"ஆமா."

"அதான்."

பிள்ளை பொல்லாத எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் சுய்லான் கரண்டியை வைத்துவிட்டு நின்றாள். காண்டனீஸ் பேசினால் அந்தப் பக்கத்து ஆள். மாண்டரின் பேசினால் ஹூனான் ஆள். மலைப்பேச்சு பேச இங்கே ஆளே இல்லை. அப்போ நான் எதில்தான் சரி, என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. "நீ மிஸ் சொல்ற மாதிரியே சொல்லு கண்ணு" என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது லொக்யிக்கு இருமல். நாளெல்லாம் ஒப்புவித்து ஒப்புவித்துத் தொண்டை கட்டிவிட்டது. காம்ஷிங் வீட்டில் சட்டம் போட்டான். பொரித்தது சூடு, தொடக்கூடாது. மிளகாய் அதைவிடச் சூடு, அடுப்படிக்குள்ளேயே வரக்கூடாது. ஹூனான்காரிக்கு மிளகாய் இல்லாமல் சோறு இறங்குமா? இறக்கினாள். பேரிக்காயைக் கற்கண்டு போட்டு வேகவைத்து வேளாவேளைக்குக் கொடுத்தாள். இருமல் நின்றது, குரல்தான் கரகரத்தது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் மிஸ் ஃபுங் போன் செய்தார்.

"லொக்யி, நாளைக்கு மேடை ஏறுற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. குசுகுசுன்னும் பேசக்கூடாது. இருக்கிற குரல் அந்தக் கவிதைக்குத்தான். புரியுதா? பதில் சொல்லாதே, தலையை ஆட்டு."

போனில் தலையை ஆட்டினால் மிஸ்ஸுக்கு எப்படித் தெரியும்? லொக்யி ஆட்டினாள்.

இரவுச் சாப்பாட்டின்போதுதான் சுய்லானுக்கு உறைத்தது. போட்டி நடக்கும் பள்ளி சாத்தின் என்ற ஊருக்கும் அப்பால், பெட்ரோல் பங்கை ஒட்டி இருந்தது. ரயில் அங்கே போகாது, மினிபஸ்தான். பங்க்தான் சுரங்கச் சாலைக்கு முந்தின கடைசி நிறுத்தம். அதை விட்டால் வண்டி சிங்கப்பாறைச் சுரங்கத்துக்குள் நுழைந்து மலைக்கு அந்தப் பக்கம் கௌலூனில்தான் மூச்சு விடும். சனிக்கிழமைக் காலையில் அங்கிருந்து திரும்பி வருவதற்குள் லொக்யியின் பெயரைக் கூப்பிட்டு, ஆள் இல்லையென்று அடித்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போயிருப்பார்கள். காம்ஷிங்குக்கு அன்றைக்கு வேலை. கத்த வேண்டியவள் வாய் திறக்கக் கூடாது.

"நீ வர முடியாதா?" என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரி ஏ.சி. நின்னு போச்சு. நான் போகலேன்னா அங்க ஆள் இல்ல." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "லான், ஒரே ஒரு வரி. எட்டு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கே. சொல்லு பார்ப்போம்."

"அண்ணே... அடுத்தது..."

"எனக்கே கேக்கல. டிரைவருக்கு எப்படிக் கேக்கும்?"

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் நன்றாகத்தான் வந்தது. குழாயை மூடினால் குரலும் சேர்ந்து மூடிக்கொண்டது.

மறுநாள் காலை. லொக்யிக்குச் சீருடை, வெள்ளைச் சாக்ஸ், இறுகப் பின்னிய சடை. ஏறும்போதே டிரைவரிடம் சொல்லிவிடலாம் என்று சுய்லான் திட்டம் வைத்திருந்தாள். நல்ல திட்டம்தான். ஆனால் பின்னால் நின்றவர்கள் இடித்தார்கள், ரேடியோவில் குதிரைப் பந்தயப் பேச்சு அலறிற்று, டிரைவர் யாரோடோ போனில் ராத்திரி மாஜாங் ஆட்டத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார். சுய்லான் வாயருகே வந்ததை விழுங்கிக்கொண்டு நடுவரிசையில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் ஒரு நிம்மதி. முன்வரிசையில் ஓர் அம்மாவும் பையனும். பையனும் பள்ளிச் சீருடையில், தலை வாரி, டை கட்டி இருந்தான். சனிக்கிழமை காலையில் சீருடையில் எந்தப் பிள்ளை வெளியே போகும்? போட்டிக்குத்தான். அவர்களும் பங்க்கில்தான் இறங்குவார்கள், அந்த அம்மாள் கத்துவாள், நாமும் பின்னாலேயே இறங்கிவிடலாம். சுய்லான் சாய்ந்து உட்கார்ந்து மகளின் சடையைச் சரிசெய்தாள். லொக்யி உதடு மட்டும் அசையக் கவிதையை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்தவர் குரலை நம்பியே காலம் தள்ளியவளுக்கு அன்றைக்கும் அந்த நம்பிக்கைதான் வந்தது. என்ன செய்வது, பழக்கம்!

சாத்தின் பாலத்தடி வந்தது. "அண்ணே, பாலத்தடி!" என்று முன்வரிசை அம்மாள் கத்தினாள். டிரைவர் கையைத் தூக்கினார். அம்மாவும் பையனும் இறங்கிப் போயே போய்விட்டார்கள். அந்தப் பையனுக்கு என்ன போட்டியோ, எந்தப் பள்ளியோ, யார் கண்டது?

சுய்லான் பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தாள். பாதிப் பேர் தூக்கம், மீதிப் பேர் போன். எல்லோரும் கௌலூன் போகிற முகம். டிரைவர் தலைக்கு மேலே வேகம் காட்டும் சிவப்பு எண்கள் ஏறிக்கொண்டே போயின. சாலை வளைந்தது. தூரத்தில் பெட்ரோல் பங்க்கின் பெயர்ப்பலகை தெரிந்தது. அதற்குப் பின்னால் மலை.

அவள் வாயைத் திறந்தாள். அந்த வரி தயாராகத்தான் இருந்தது. அண்ணே, அடுத்தது, இறங்கணும். பழைய சிரிப்பு காதில் கேட்டது. காற்றுதான் வந்தது.

லொக்யி அம்மாவைப் பார்த்தாள். பங்க்கைப் பார்த்தாள். மறுபடி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தாலாவது பரவாயில்லை. கோபம் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை. அம்மாவால் முடியாது என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். ஒரு வாரம் பேரிக்காய்ச் சாறு குடித்துச் சேர்த்து வைத்த குரலைச் செலவழிக்க அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தாள்.

சுய்லான் மகளின் வாயைக் கையால் பொத்தினாள். எழுந்து நின்றாள்.

"நிப்பாட்டுங்கய்யாஆஆ! எறங்கோணுமுங்க!"

காண்டனீஸ் இல்லை. மாண்டரினும் இல்லை. மலைப்பேச்சு. பள்ளம் தாண்டி எதிர்மலைக்குப் போகிற குரல், அப்பாவைச் சோற்றுக்குக் கூப்பிட்ட குரல், அந்தச் சின்ன வண்டிக்குள் வெடித்தது. கத்துவதற்கு அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். மாண்டரினில் அவள் என்றைக்கும் கத்தியதில்லை. பள்ளியில் கத்தினால் அடி, தொழிற்சாலையில் கத்தினால் சம்பளம் பிடிப்பார்கள். காண்டனீஸில் கத்த விடவில்லை. உயிர் போகிற அவசரத்தில் வாய் தனக்குத் தெரிந்த மொழியைத் தானே எடுத்துக்கொண்டது.

பிரேக் கிறீச்சிட்டது. தூங்கியவர்கள் விழித்தார்கள், ஒருவர் போன் கீழே விழுந்தது. டிரைவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து வண்டியைச் சரியாக பங்க் வாசலில் ஒதுக்கிவிட்டுத் திரும்பினார்.

"யம்மா! கேட்டுச்சு, கேட்டுச்சு! இனிமே ஒரு வாரத்துக்கு எனக்கு வேற எதுவும் கேக்காது!"

பஸ் சிரித்தது. சுய்லானுக்கு முகம் சுட்டது. பின்வரிசையில் ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, "அது எந்த ஊர் பாஷைப்பா?" என்றார்.

"எந்த ஊரா இருந்தா என்ன, தாத்தா? மினிபஸ்ல எந்திரிச்சு நின்னு வேற எதுக்குக் கத்துவாங்க, பாட்டுப் பாடவா?" டிரைவர் கதவைத் திறந்தார். "இறங்குங்க அக்கா, பாத்து, படி உயரம்."

அக்கா என்றார். சுய்லான் மகளை முன்னால் விட்டு இறங்கினாள். கதவு மூடி வண்டி சுரங்கத்தை நோக்கிப் போயிற்று. நடைபாதையில் நின்று மூச்சு வாங்கினாள். அந்தச் சிரிப்பு பழைய சிரிப்பு இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. பழைய சிரிப்பு அவளை வெளியே தள்ளியது. இதில் அவளுக்கும் ஓர் இடம் இருந்தது. நினைக்க நினைக்க அவளுக்கே சிரிப்பு வந்தது. பெட்ரோல் பங்க் வாசலில், சீருடைப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

லொக்யி பேசக் கூடாதே! கண்ணை அகல விரித்து அம்மாவையே பார்த்தாள். அம்மா இதுவரை ஊருக்குப் போனில் அந்தப் பேச்சைப் பேசிக் கேட்டிருக்கிறாள், அதுவும் அறைக்குள், தாழ்ந்த குரலில். இப்படி ஒரு குரல் அம்மாவுக்குள் இருந்தது அவளுக்குத் தெரியாது. கை இரண்டையும் காதில் பொத்திக் காட்டினாள். பிறகு அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளி கேட் வந்தது. கேட்டில் அவள் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் நின்றார்கள். லொக்யி கையை உருவவில்லை. சுய்லான் அதைக் கவனித்தாள், கவனித்ததைக் காட்டிக்கொள்ளாமல் நேராகப் பார்த்து நடந்தாள்.

போட்டியைப் பற்றி நீட்ட வேண்டாம். லொக்யியின் குரல் முதல் வரியில் கொஞ்சம் கரகரத்தது, ஆறு ஓடத் தொடங்கியதும் தெளிந்துவிட்டது. மூன்றாம் இடம். மிஸ் ஃபுங் கன்னத்தைக் கிள்ளினார். மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தவள், ஒரு நாள் முழுக்க அடைத்து வைத்திருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"அம்மா! நீ என்ன கத்து கத்தின! டிரைவர் மூஞ்சியப் பாத்தியா? அந்த ஆளு போன் கீழ விழுந்துச்சு! அப்பாகிட்ட நான்தான் சொல்லுவேன், நீ சொல்லக் கூடாது! அம்மா, இன்னொரு தடவை கத்தேன், இங்க, என் ஃப்ரெண்ட்ஸுக்கு."

"போடி. மானத்தை வாங்காதே."

"ஒரே ஒரு தடவை!"

"உனக்குப் பரிசு கிடைச்சதா இல்லையா? பேசாம வா."

திரும்புகிற மினிபஸ்ஸில் கூட்டம் குறைவு. டிரைவர் வேறு ஆள், வாயில் பல்குச்சி, யாரோடும் பேச்சில்லை. லொக்யி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பன் தின்றாள். தாய்போ நெருங்கியது. ஆறு வந்தது, விளையாட்டு மைதானம் வந்தது. வழக்கம்போல லொக்யி வாயிலிருந்த பன்னை விழுங்கிவிட்டு, கத்துவதற்கு நேரம் பார்த்து நிமிர்ந்தாள்.

"அண்ணே, அடுத்தது இறங்கணும்!"

சுய்லான்தான். காண்டனீஸில். ஹூனான் ராகம் அப்படியே இருந்தது, அது எங்கே போகும்? ஆனால் கடைசி வரிசை வரை கேட்டது.

யாரும் திரும்பவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. டிரைவர் ரோட்டைப் பார்த்தபடியே ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

சுய்லான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது இறங்கி ஸ்டியரிங்குக்குப் போன பிறகும் பார்த்தாள். எட்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டது. அப்பாடா என்று இருந்தது.

வண்டி நின்றது. இறங்கினார்கள். வண்டி போயிற்று. லொக்யி அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள்.

"அம்மா! இது மார்க்கெட் இல்ல! மார்க்கெட்டுக்கு முந்தின ஸ்டாப்! சீக்கிரமே கத்திட்டே!"

"தெரியும்."

"தெரியுமா? பின்ன ஏன் கத்தின? இப்ப இவ்வளவு தூரம் நடக்கணும்!"

சுய்லான் மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வேற யாராவது எனக்கு முன்னால கத்திருவாங்களோன்னு பயமா இருந்துச்சு" என்றாள்.

லொக்யி மீதிப் பன்னில் பாதியைப் பிய்த்து அம்மாவிடம் கொடுத்தாள். இருவரும் தின்றுகொண்டே மார்க்கெட்டை நோக்கி நடந்தார்கள்.